சராய், காத்திருப்பறை, படிப்பகம்: தில்லியில் வழிப்போக்கரின் இருக்கை

பழைய தில்லி ரயில் நிலையத்தின் எதிரே, முன்னர் குவீன்ஸ் ரோடு என்றும் இன்று சியாமா பிரசாத் முகர்ஜி மார்க் என்றும் வழங்கும் சாலையில், தில்லி பொது நூலகத்தின் தலைமையகம் இருக்கிறது. யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து நடத்திய முன்னோடித் திட்டமாக 1951 அக்டோபர் 27 அன்று ஜவாஹர்லால் நேரு அதனைத் திறந்துவைத்தார். நூலகவியல் மாணவர் அனைவரும் இத்தேதியை அறிவர். அந்நூலகம் ஏன் ரயில் நிலையத்தின் வாசலில் அமைந்தது, அந்த வாசலில் இறங்கி ஏறும் மனிதர்களுக்கும் அதற்கும் என்ன உறவு என்ற கேள்விகள் பாடநூல்களில் எழுவதில்லை.

நூலக வரலாறு பெரும்பாலும் உறுப்பினர்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை நூல்கள் இரவல் சென்றன, எத்தனை கிளைகள் திறக்கப்பட்டன என்பவையே ஆண்டறிக்கைகளின் பொருள். இரண்டு ரயில்களுக்கு இடைப்பட்ட மூன்று மணி நேரத்தைக் கழிக்க உள்ளே வந்து, ஒரு நாளிதழையும் பாதி நூலையும் படித்துவிட்டுப் போகும் வழிப்போக்கர் அந்த அறிக்கைகளில் இல்லை. அவர் அட்டை வாங்கவில்லை. கையெழுத்திட்டு நூல் எடுக்கவுமில்லை. ஆவணத்தில் தடம் பதிக்காத வாசகர் அவர். ஆயினும் தில்லியின் பொது நூலகங்கள் தோன்றிய இடங்களை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், அவை வழிப்போக்கரின் பாதையை ஒட்டியே எழுந்தன என்பது தெரியவரும்.

1. ஜஹானாராவின் சராய்

ஷாஜஹானாபாத் நகரம் எழுந்த காலத்தில், ஷாஜஹானின் மகள் ஜஹானாரா பேகம் சாந்தினி சௌக்கின் வடபுறத்தில் ஒரு பெருந்தோட்டத்தையும் அதனருகே ஒரு சராயையும் அமைத்தார். பாரசீகத்திலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வந்த வணிகர்கள் அங்கே தங்கினர். இரவில் வாயிற்கதவு அடைக்கப்படும். உள்ளே இருப்பவரின் உயிருக்கும் சரக்குக்கும் காவல் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் தில்லியில் வாழ்ந்த பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா பெர்னியே இக்கட்டடத்தை வியந்து எழுதியிருக்கிறார். பாரிஸ் நகரில் இத்தகைய கட்டடங்கள் ஓர் இருபது இருந்தால், புதிதாக வந்து சேரும் அயலார் பாதுகாப்பான இடம் தேடி இவ்வளவு அல்லலுற மாட்டார்கள் என்பது அவருடைய கருத்தின் சாரம். அயலாரை எவ்வாறு வரவேற்கிறது என்பதைக் கொண்டு ஒரு நகரை அளந்த பார்வை அது.

தமிழ் வாசகருக்கு இந்த ஏற்பாடு புதிதன்று. இராமேசுவரம் செல்லும் வழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் கட்டிய சத்திரங்கள் இதே பணியைச் செய்தன. 1801இல் இரண்டாம் சரபோஜி ஆங்கிலேய ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதத்தில், அச்சத்திரங்கள் எந்த வேறுபாடும் பாராமல் வழிப்போக்கருக்கு உணவளிப்பதையும் நோயுற்றவரைப் பேணுவதையும் விரிவாக எடுத்துரைத்து, அவற்றைத் தம் பொறுப்பிலேயே விட்டுவைக்க வேண்டினார். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரத்தில் பள்ளியும் நடந்தது. உறைவிடமும் கல்வியும் ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்பது இந்நாட்டுப் பயண மரபுக்கு ஒவ்வாத கருத்தாக இருந்ததில்லை.

1857 எழுச்சிக்குப் பின் தில்லியின் முகம் மாற்றப்பட்டது. ஜஹானாராவின் சராய் இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் 1860களில் லாரன்ஸ் இன்ஸ்டிடியூட் எழுந்தது. பின்னர் அதுவே நகராட்சியின் டவுன் ஹால் ஆயிற்று. பேகத்தின் தோட்டம் விக்டோரியாவின் பெயரில் குவீன்ஸ் கார்டன் எனப்பட்டது. மக்கள் வழக்கில் அது கம்பெனி பாக். சராய் இருந்த இடத்தில் எழுந்த இக்கட்டடத்தோடு சேர்ந்தே தில்லியின் முதல் நகர நூலகமும் தோன்றியது.

2. கப்பலில் வந்த நூல்கள்

இன்று ஹர்தயாள் நகராட்சிப் பொது நூலகம் என வழங்கும் நிறுவனத்தின் தொடக்கம் 1862 என்று கொள்ளப்படுகிறது. லாரன்ஸ் இன்ஸ்டிடியூட்டைச் சார்ந்து ஐரோப்பியர் கூடிப் படிக்கும் மன்றமாக அது தொடங்கியது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தவர்கள் நெடும்பயணத்தில் படிப்பதற்காகக் கொண்டுவந்த நூல்களை இங்கே விட்டுச்சென்றனர், அவையே அதன் தொடக்கச் சேகரிப்பாயின என்பது அந்நூலகம் பற்றி வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அதன் மிகப் பழைய நூல்களில் ஒன்று தாமஸ் ஹெர்பர்ட் என்ற ஆங்கிலேயர் ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் மேற்கொண்ட பயணத்தைப் பற்றி எழுதி 1634இல் அச்சான நூல். தில்லியின் நூலக வரலாற்றுக்குப் பயண நூல் ஒன்றே மூத்த சாட்சியாக நிற்பது பொருத்தமானதே.

இந்தப் படிப்பு மன்றம் யாருக்கானது என்பதையும் மறக்கலாகாது. பயணிகள் விட்டுச்சென்ற நூல்களால் நிறைந்த இடத்தில் உள்ளூர்ப் பயணிக்கு இருக்கை இல்லை. ஜஹானாராவின் சராய் செல்வ வணிகருக்கான இடம். அதனிடத்தில் வந்த மன்றம் ஆளும் இனத்தாருக்கான இடம். கட்டடம் மாறியது, வாயிற்காவல் மாறவில்லை.

1912 டிசம்பர் 23 அன்று, புதிய தலைநகருக்குள் யானை மீது ஊர்வலமாக வந்த வைசிராய் ஹார்டிஞ்ச் மீது சாந்தினி சௌக்கில் குண்டு வீசப்பட்டது. அவர் காயத்தோடு உயிர்தப்பினார். அவ்வழக்கில் மாஸ்டர் அமீர் சந்த், அவத் பிஹாரி, பால் முகுந்த், பசந்த குமார் பிஸ்வாஸ் ஆகிய நால்வர் 1915இல் தூக்கிலிடப்பட்டனர். மறு ஆண்டு, 1916இல், கம்பெனி பாக்கில் அமைந்த நூலகத்திற்கு ஹார்டிஞ்சின் பெயர் சூட்டப்பட்டது. விடுதலைக்குப் பின் 1970இல் அப்பெயர் நீக்கப்பட்டு லாலா ஹர்தயாளின் பெயர் வந்தது. தில்லியில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் கிடைத்த உதவித்தொகையை உதறி, கலிபோர்னியாவில் கதர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர் அவர். ஹார்டிஞ்ச் மீது விழுந்த குண்டை அமெரிக்காவிலிருந்தபடியே போற்றி அறிக்கை எழுதியவரும் அவரே. குண்டுக்குத் தப்பியவரின் பெயரில் இருந்த படிப்பறை, குண்டை வாழ்த்தியவரின் பெயருக்கு மாறியது. நாடு விட்டு நாடு அலைந்து, 1939இல் பிலடெல்பியாவில் மறைந்த ஹர்தயாள் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அயல்நாட்டு நூலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் கழித்த வழிப்போக்கர் என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

3. தண்டவாளமும் வகுப்புகளும்

யமுனையின் மீது இரும்புப் பாலம் முடிந்து, 1867இல் ரயில் ஷாஜஹானாபாத்துக்குள் நுழைந்தது. நகரின் வடபகுதியை ஊடறுத்துச் சென்ற தண்டவாளம் நிலையத்தைக் கம்பெனி பாக்கின் அருகிலேயே கொண்டுவந்து நிறுத்தியது. இவ்வாறு பழைய சராய், தோட்டம், டவுன் ஹால், நூலகம், ரயில் நிலையம் அனைத்தும் சில நூறு அடிகளுக்குள் ஒன்றையொன்று தொட்டு நின்றன.

ரயில் பயணியின் எண்ணிக்கையைப் பெருக்கியது, காத்திருத்தலையும் பெருக்கியது. இணைப்பு ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் என்ற ஒன்று அதற்கு முன் இந்தியர் வாழ்வில் இவ்வளவு பரவலாக இருந்ததில்லை. அந்நேரத்தை ரயில்வே வகுப்பு வாரியாகப் பிரித்தது. மேல்வகுப்பினருக்குச் சாய்வு நாற்காலியோடு காத்திருப்பறை. மூன்றாம் வகுப்பினருக்கு முசாஃபிர் கானா என்ற கூரை மட்டும். அவர்களுடைய நிலையைக் காந்தி 1917இல் தனிச் சிறுநூலாகவே எழுதினார். பயணச்சீட்டின் நிறமே ஒருவர் எங்கே உட்காரலாம் என்பதைத் தீர்மானித்தது.

இதற்கு மாற்றாகச் சென்னையில் பழைய மரபு புதிய இடத்திற்கு வந்தது. சென்னை சென்ட்ரல் நிலையத்தின் எதிரே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் அமைத்த சத்திரம், ரயிலிலிருந்து இறங்கும் ஏழைப் பயணிக்குத் தங்கும் இடம் தந்தது. தில்லி நிலையத்தின் எதிரே அதற்கு இணையான பொது இடம் எழ வேண்டுமெனில் ஒரு போரும் ஒரு பிரிவினையும் நேர வேண்டியிருந்தது.

4. வேவல் கான்டீன்: மூன்று வகைப் பயணிகள்

இரண்டாம் உலகப் போரின்போது, தில்லி நிலையம் வழியாகச் சென்ற படைவீரர்கள் இளைப்பாறி உண்பதற்காகக் குவீன்ஸ் ரோட்டில் ஓர் இடம் அமைந்தது. 1943 முதல் 1947 வரை வைசிராயாக இருந்தவரின் பெயரால் அது வேவல் கான்டீன் எனப்பட்டது. அதன் முதல் பயனாளிகள் போர்முனைக்குச் செல்பவரும் அங்கிருந்து மீள்பவரும்.

1947 செப்டம்பரில் அதே இடம் மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்த அகதிகளால் நிறைந்தது. செப்டம்பர் 9 அன்று தில்லி வந்த காந்தி, தொடர்ந்த நாள்களில் முகாம்களைப் பார்வையிட்டபோது திவான் ஹால், கிங்ஸ்வே முகாம் ஆகியவற்றோடு வேவல் கான்டீனுக்கும் சென்றார். 1941 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த தில்லியின் மக்கள்தொகை 1951இல் 17 லட்சத்தைக் கடந்தது. ஒரு பத்தாண்டில் நகரின் அளவு ஏறக்குறைய இருமடங்காயிற்று. வந்தவர்களில் பலர் கற்றவர்கள். லாகூரிலும் ராவல்பிண்டியிலும் தங்கள் நூல்களை விட்டுவந்தவர்கள்.

மூன்றாவதாக அங்கே வந்தவர்கள் வாசகர்கள். யுனெஸ்கோ 1949இல் பொது நூலகத்திற்கான தன் முதல் பிரகடனத்தை வெளியிட்டிருந்தது. வளரும் நாடு ஒன்றில் அக்கோட்பாட்டைச் செயலில் காட்டும் மாதிரி நூலகம் வேண்டும் என்று கருதி அது தில்லியைத் தேர்ந்தது. பின்னர் கொலம்பியாவின் மெதெயினிலும் நைஜீரியாவின் எனுகுவிலும் எழுந்த மாதிரி நூலகங்களுக்குத் தில்லியே முன்னோடி. பிரிட்டனின் பொது நூலகத் துறையிலிருந்து பிராங்க் கார்டனரும் எட்வர்ட் சிட்னியும் ஆலோசகர்களாக வந்தனர். இயக்குநராகத் தேஸ் ராஜ் காலியா பல ஆண்டுகள் பொறுப்பேற்றிருந்தார். இந்நூலகம் குடியேறிய இடம் வேவல் கான்டீன்.

இடத்தேர்வில் வசதியும் தற்செயலும் கலந்திருந்தன. காலியாக ஒரு கட்டடம் இருந்தது, அது நகரின் நடுவே இருந்தது. எனினும் படைவீரர், அகதி, வாசகர் என்ற வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அக்கட்டடம் உள்ளே வருபவரிடம் கேட்கும் கேள்வி குறைந்துகொண்டே வந்தது. படைவீரரிடம் சீருடையை எதிர்பார்த்தது. அகதியிடம் இழப்பை எதிர்பார்த்தது. வாசகரிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. நூலகத்தில் கட்டணம் இல்லை. அலமாரிகள் பூட்டப்படவில்லை, வாசகர் தாமே சென்று எடுத்துப் பார்க்கலாம். வைப்புத்தொகை கட்டிய கனவான்களுக்கே நூல் என்ற நிலை பரவலாக இருந்த வட இந்தியாவில் இது சிறிய மாற்றமன்று.

1953இல் ஊர்தி நூலகம் தொடங்கியது. 1955 அக்டோபரில் ஆசிய நாடுகளின் நூலகர்கள் தில்லியில் கூடிய யுனெஸ்கோ கருத்தரங்கில் இந்நூலகமே கண்முன் நின்ற எடுத்துக்காட்டு. கார்டனர் எழுதிய மதிப்பீட்டு அறிக்கை 1957இல் வெளிவந்தது. முன்னோடித் திட்டம் என்பதால் எதையும் எண்ணிக் காட்ட வேண்டிய கட்டாயம் அதற்கு இருந்தது. உறுப்பினர், இரவல், வாசகரின் தொழில், வயது, மொழி என்று கணக்கெடுக்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது. நிலையத்திலிருந்து சாலையைக் கடந்து வந்தவர் அக்கணக்கின் சட்டகத்திற்குள் எளிதில் அடங்குபவரல்லர்.

5. முகவரி என்ற தடை

பொது நூலகத்தின் இரண்டு பணிகளை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். நூலை இரவல் தருவது ஒன்று. உட்கார்ந்து படிக்க இடம் தருவது மற்றொன்று. இரவலுக்கு முகவரி வேண்டும், நூல் திரும்பி வரவேண்டுமல்லவா? படிப்பறைக்கு ஆள் வந்தால் போதும். ஆகவே, முகவரி இல்லாதவருக்கு நூலகம் என்பது படிப்பறைதான். வழிப்போக்கர், அகதி, வேலை தேடி வந்தவர், மருத்துவமனையில் உறவினரைச் சேர்த்துவிட்டுக் காத்திருப்பவர் ஆகிய அனைவரும் இந்தப் பட்டியலில் வருவர். இரவல் எண்ணிக்கையை வைத்து நூலகத்தை அளப்பவர் இவர்களைப் பயனற்ற கூட்டமாகவே காண்பார்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் இப்பிரச்சினையை வேறு முனையிலிருந்து அணுகியவர். 1925இல் லண்டனிலிருந்து திரும்பும் வழியில், எலிஃபான்டா என்ற கப்பலில் இருந்த நூல்களைக் கொண்டே தம் வகைப்பாட்டு முறையைச் சோதித்துப் பார்த்தார். பயணிகளுக்காக வைக்கப்பட்ட சிறு சேகரிப்பு நவீன நூலகவியலின் சோதனைக்கூடமாயிற்று. 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் என்று அவ்விதி சொல்லவில்லை. அதே ஆண்டு மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்கு அனுப்பினார். அங்கே நூல் பயணம் செய்தது, வாசகர் ஊரில் இருந்தார். ரயில் நிலையத்து நூலகத்தில் நூல் நிற்கிறது, வாசகர் பயணம் செய்கிறார். இரண்டிலும் விதி ஒன்றே.

1947இல் தில்லிப் பல்கலைக்கழகத்திற்கு வந்த ரங்கநாதன், குவீன்ஸ் ரோட்டு நூலகம் பிறந்த ஆண்டுகளில் தலைநகரில்தான் இருந்தார். அவர் நெடுங்காலம் வாதாடியது நூலகச் சட்டத்திற்காக. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம் அவ்வாதத்தின் முதல் வெற்றி. சொத்துவரியோடு நூலக வரியும் சேர்ந்ததால், நூலகம் ஊரின் உரிமையாயிற்று. தமிழகத்துச் சிற்றூரில் பேருந்துக்குக் காத்திருப்பவர் கிளை நூலகத்துள் நுழைந்து நாளிதழை விரிக்கும்போது அவரை யாரும் ஊர் கேட்பதில்லை. திராவிட இயக்கத்தாரின் படிப்பகங்களும் இதே பழக்கத்தைத் தெருமுனைக்குக் கொண்டுவந்தன. அங்கே ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்டனர். அயலூரார்க்கும் பெஞ்சில் இடமிருந்தது. தில்லியில் அமைந்தது திட்டம். சென்னையில் அமைந்தது சட்டம். திட்டத்தின் பயனாளி கணக்கில் வருபவர். சட்டத்தின் பயனாளி வரி கட்டிய ஊரும் அவ்வூரைக் கடந்து செல்பவரும்.

6. தலைநகரில் தமிழ்ப் பயணி

தமிழருக்குத் தில்லி நெடுங்காலம் பணியிடமாகவும் இடைத்தங்கலாகவும் இருந்துவருகிறது. செயலக எழுத்தர்கள், ஆசிரியர்கள், நாடாளுமன்றப் பணியாளர் என்று வந்தவர்கள் 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கத்தை நிறுவினர். இராமகிருஷ்ணபுரத்தில் சங்கம் இருக்கும் சாலைக்கே தமிழ்ச் சங்க மார்க் என்று பெயர். அங்குள்ள நூலகம் ஊர்விட்டு வந்தவருக்கு ஊரின் இதழ்களையும் நூல்களையும் காட்டிய இடம். கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸிலும், 1976இல் ஓடத் தொடங்கிய தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் வந்து, தேர்வுக்கோ நேர்காணலுக்கோ ஒரு நாள் காத்திருந்து, மறுநாள் வேறு ரயில் ஏறியவர்களின் தொகை பெரிது. ஆவணக் காப்பகத்திற்கும் தீன் மூர்த்தி நூலகத்திற்கும் வரும் ஆய்வாளரும் இவ்வரிசையில் உள்ளவரே.

இன்னொரு வகையிலும் தமிழ் அந்நகரை வந்தடைகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், தில்லி பொது நூலகம் ஆகிய நான்கிற்கும் சேர வேண்டும். தில்லி பொது நூலகம் இப்பட்டியலில் பிற்பாடு சேர்க்கப்பட்டது. திருநெல்வேலியிலோ கோவையிலோ அச்சான நூல் சட்டப்படி தில்லியை நோக்கிப் பயணம் செய்கிறது. அதனைத் தேடிப் படிப்பவர் அங்கே நிரந்தரமாக வாழ்பவராகத்தான் இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கருதவில்லை.

பழைய நகரின் சந்துகளிலும் இம்மரபு சிறிய அளவில் தொடர்கிறது. சாந்தினி சௌக்கில் 1915இல் தோன்றிய மார்வாடி நூலகம் கடைத்தெருவின் இரைச்சலுக்கு மேல்தளத்தில் இயங்கிவருகிறது. ஜாமா மசூதியை அடுத்த பஹாடி இம்லி பகுதியில் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அமைத்த ஷா வலியுல்லா நூலகம் ஓர் அறையளவே ஆனது. அதனுள் அரிய உருது, பாரசீக, அரபு நூல்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கப்பட்டுள்ளன. பெரிய நிறுவனத்தின் வாயிலில் அடையாள அட்டை கேட்கப்படும்போது, இத்தகைய அறையில் வந்தவரின் ஆர்வமே அறிமுகமாகிறது.

7. வாடகை இருக்கையின் காலம்

இன்றைய தில்லியில் 'லைப்ரரி' என்ற சொல்லுக்குப் புதுப்பொருள் ஒன்று வந்திருக்கிறது. முகர்ஜி நகரிலும் பழைய ராஜேந்திர நகரிலும் அச்சொல் பெரும்பாலும் நூல்கள் உள்ள இடத்தைக் குறிப்பதில்லை; தடுப்புப் பலகை, விளக்கு, மின்செருகி, குளிர்சாதனம் ஆகியவற்றோடு மாத வாடகைக்குக் கிடைக்கும் ஓர் இருக்கையைக் குறிக்கிறது. குடிமைப் பணித் தேர்வுக்காக வெளிமாநிலங்களிலிருந்து வந்து, குறுகிய அறைகளில் தங்கும் இளைஞருக்குப் படிக்க அமைதியான இடம் வேறில்லை. 2024 ஜூலை 27 அன்று பழைய ராஜேந்திர நகரில் ஒரு பயிற்சி மையத்தின் நிலவறையில் நடந்த இத்தகைய 'லைப்ரரி'க்குள் மழைவெள்ளம் புகுந்து மூன்று மாணவர் உயிரிழந்தனர். மூவரும் வெளியூரிலிருந்து வந்தவர்கள். அந்நிகழ்வு கட்டட விதிமீறல் என்ற கோணத்தில் விவாதிக்கப்பட்டது, அது சரியே. நூலக வரலாற்றின் கோணத்தில் அது வேறொன்றையும் சொல்கிறது. ஊருக்குப் புதியவருக்கு உட்கார இடம் தரும் பொறுப்பை நகரம் கைவிட்டபோது அப்பொறுப்பு நிலவறைக்குச் சென்றது.

எஞ்சியுள்ள பொதுப் படிப்பறைகளிலும் இதே நெருக்கடியின் விளைவைக் காணலாம். காலையிலேயே தேர்வு மாணவர் வந்து இருக்கைகளை நிறைத்துவிடுவது பல நகரங்களில் வழக்கமாகியிருக்கிறது. அவர்களுடைய தேவை உண்மையானது. அதனால் நாளிதழ் படிக்க வரும் முதியவர், வெயிலுக்கு ஒதுங்கும் தொழிலாளி, பெட்டியோடு வரும் பயணி ஆகியோர் வாசலோடு திரும்புகின்றனர். தனியாகப் பயணம் செய்யும் பெண்ணுக்கு இது கூடுதல் இழப்பு. தேநீர்க்கடையில் நெடுநேரம் அமர்ந்திருப்பதும் பூங்காவில் காத்திருப்பதும் அவருக்கு ஆணுக்கு உள்ளதுபோல் எளிதன்று. ஒன்றும் வாங்காமல், யார் பார்வைக்கும் விளக்கம் சொல்லாமல் அமரக்கூடிய இடங்கள் நகரில் மிகச் சிலவே.

நூலகம் காத்திருப்பறை ஆகிவிடக் கூடாது என்ற மறுப்பும் உண்டு. படிக்க வராதவர் இடத்தை அடைத்துக்கொள்வர், உறங்குவர், ஒழுங்கு கெடும் என்பது நூலகர்கள் பலரின் நியாயமான அச்சம். 'இங்கு உறங்கக் கூடாது' என்ற பலகை இல்லாத படிப்பறை அரிது. சராய்க்கும் படிப்பகத்திற்கும் உள்ள வேறுபாட்டை அப்பலகை சரியாகவே குறிக்கிறது. சராய் உடலுக்கு ஓய்வு தந்தது. படிப்பகம் கேட்பது கவனத்தை. ஆனால் எதைப் படிக்கப் போகிறோம் என்று தெரிந்துகொண்டுதான் ஒருவர் உள்ளே வரவேண்டும் என்பது விதியாக முடியாது. நேரத்தைக் கழிக்க வந்து நூலைக் கண்டடைபவர் வாசகரின் பழைய வகை. திறந்த அலமாரி என்ற ஏற்பாடு அவருக்காகவே செய்யப்பட்டது. தேடி வந்தவருக்குப் பட்டியலே போதுமே.

இதற்கு வேண்டியவை பெரிய திட்டங்களல்ல. நாளிதழ்ப் பகுதிக்கு அட்டை கேளாமை, பெட்டியை வாங்கி வைக்கும் பிராப்பர்ட்டி கவுன்ட்டர், குடிநீர், கழிப்பறை, சில மணி நேரம் அமர்வோருக்கென ஒதுக்கிய ஒரு மேசை, மாலையில் சற்றுக் கூடுதல் நேரம் ஆகியவை போதும். நாள்தோறும் வாசலைக் கடந்தவர் எத்தனை பேர் என்ற எண்ணும் ஆண்டறிக்கையில் இரவல் எண்ணின் அருகே இடம்பெற வேண்டும். எண்ணப்படாத வாசகருக்கு நிதி ஒதுக்கப்படுவதில்லை. நிதி ஒதுக்கப்படாத இருக்கை முதலில் அகற்றப்படும். நூலக வரலாறு எழுதுவோருக்கும் இதில் ஒரு பணி உண்டு. இரவல் பதிவேடுகளுக்கு அப்பால், பயணக் குறிப்புகள், கடிதங்கள், தன்வரலாறுகள் ஆகியவற்றில் 'அன்று நூலகத்தில் இருந்தேன்' என்று ஒரு வரியில் கடந்துசெல்லும் இடங்களைத் திரட்டினால், உறுப்பினரல்லாத வாசகரின் வரலாறு ஒன்றை எழுத முடியும்.

பெர்னியே ஒரு நகரின் தகுதியை அது அயலாருக்குத் தந்த இடத்தால் அளந்தார். 1951இல் தில்லி அந்த அளவுகோலுக்கு நேர்மையான விடை ஒன்றைத் தந்தது. ரயில் நிலையத்தின் எதிரே, படைவீரர் உண்ட இடத்தில், அகதிகள் படுத்த தரையில், விலையில்லாத இருக்கைகளைப் போட்டு அலமாரிகளைத் திறந்து வைத்தது. அவ்விருக்கைகளில் எத்தனை இன்றும் வழிப்போக்கருக்கு எஞ்சியுள்ளன என்பதே அந்நகரின் நூலகங்களிடம் இனிக் கேட்க வேண்டிய கேள்வி.